அணுக்கள் இடித்துக்கொள்ளாத இடம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் முடி இறக்க நிற்கும் கூட்டத்துக்கு அளவே கிடையாது. குழந்தையின் முதல் முடி, நோய் தீர்ந்தவரின் நேர்த்திக்கடன், பிள்ளைவரம் கிடைத்தவரின் நன்றி எல்லாம் அங்கே தரையில் சுருண்டு விழுகின்றன. தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் அந்த முடியில் பெரும்பங்கு கெரட்டின் என்ற புரதம். தலைமுடி ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வளர்கிறது.

நீளமான ஒரு முடியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீளும். விட்டால் மெதுவாகப் பழைய அளவுக்குத் திரும்பும். நீராவியில் காட்டி இழுத்தால் ஏறக்குறைய இரு மடங்கு வரை நீட்டலாம். இப்போது ஒரு பட்டு இழையை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் இடம் கொடுக்கும், அதற்கு மேல் அறுந்துவிடும். ஆட்டுக்காலில் தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் இன்னும் பிடிவாதமானது. அது நீள்வதே அரிது. முடி, பட்டு, தசைநாண் மூன்றும் புரதங்கள். மூன்றையும் உயிர்கள் ஒரே 20 வகை அமினோ அமிலங்களிலிருந்துதான் கட்டுகின்றன. அப்படியிருந்தும் ஒன்று நீள்கிறது, ஒன்று அறுகிறது, ஒன்று அசைய மறுக்கிறது.

காரணம், சங்கிலி எப்படி மடிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பது புரதத்தின் முதல்நிலை அமைப்பு. அந்தச் சங்கிலி தன் அண்டை அசலோடு மட்டும் உறவாடி, ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப எடுக்கும் வடிவம் இரண்டாம் நிலை அமைப்பு. முழுச் சங்கிலியும் கடைசியில் உருண்டு திரண்டு நிற்பது மூன்றாம் நிலை. இந்தப் படிநிலையை 1950களின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்தவர் டென்மார்க்கின் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங். இந்த அத்தியாயம் நடுவில் உள்ள இரண்டாம் நிலையைப் பற்றியது. அதன் அடிப்படை விதியை எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் என்பதால், திருத்தணியிலிருந்து நாம் வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை.

முதலில் லீட்ஸ் நகரம். கம்பளி ஆலைகள் நிறைந்த அந்த ஊரில் 1930களில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழைகளையும் முடியையும் எக்ஸ் கதிரில் படம் பிடித்தார். சாதாரண முடி ஒருவிதப் புள்ளிக்கோலம் தந்தது. ஈரத்தில் நீட்டப்பட்ட முடி வேறொரு கோலம் தந்தது. முதலாவதை ஆல்ஃபா என்றும் இரண்டாவதை பீட்டா என்றும் அழைத்தார். நீட்டிய முடியின் கோலம் பட்டின் கோலத்தை ஒத்திருந்தது. அப்படியென்றால் முடிக்குள் சங்கிலி எப்படியோ சுருங்கிக் கிடக்கிறது. இழுத்தால் பட்டில் இருப்பதுபோல விரிகிறது. எந்த விதத்தில் சுருங்கிக் கிடக்கிறது என்பதை ஆஸ்ட்பரியால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அதைச் சொன்னவர் அமெரிக்காவின் லைனஸ் பாலிங். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்திருந்தபோது சளி பிடித்துப் படுத்திருந்தவர், ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்து மடித்துப் பார்த்தார். அவர் கையில் ஒரு முக்கியமான வேதியியல் உண்மை இருந்தது. இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு சாதாரண ஒற்றைப் பிணைப்பு அல்ல. சாதாரணமாகக் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே 1.47 ஆங்ஸ்ட்ராம் இருக்கும். பெப்டைடு பிணைப்பில் அது 1.32 மட்டுமே. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.) பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் வந்துவிட்டதால் அந்த இடத்தில் சங்கிலி முறுக்கிக்கொள்ள முடியாது. சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் விறைப்பாக நிற்கும். இதை விட்டுக்கொடுக்காமல் தாளை மடித்ததில் பாலிங்குக்கு ஒரு சுருள் கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் 1950இல் சாத்தியமான சுருள்களையெல்லாம் பட்டியலிட்டு ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பெப்டைடு பிணைப்பின் விறைப்பைக் கணக்கில் எடுக்கத் தவறினார்கள். ஒரு சுற்றுக்கு முழு எண்ணிக்கையில்தான் அமினோ அமிலங்கள் இருக்கவேண்டும் என்றும் எடுத்துக்கொண்டார்கள். 1951இல் பாலிங், கோரி, பிரான்சன் வெளியிட்ட ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு அமினோ அமிலத்தின் ஆக்சிஜனும் நான்கு இடம் தள்ளி இருப்பதன் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது; இந்த ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் சுருளைக் கலையாமல் வைத்திருக்கின்றன. கட்டுரையைப் படித்த பெருட்ஸ் தன் ஆய்வகத்துக்கு ஓடி, ஒரு குதிரை முடியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார். ஒரு அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் உயர்வு என்று பாலிங்கின் சுருள் சொன்னது; அந்த இடத்தில் புள்ளி விழுந்திருந்தது.

அதே ஆண்டில் பாலிங்கும் கோரியும் பீட்டா தகட்டையும் வெளியிட்டார்கள். இதில் சங்கிலி சுருளாமல் நீண்டு கிடக்கும். பக்கத்து இழையோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொண்டு தகடாகப் பரவும். இங்கே ஒரு அமினோ அமிலத்துக்கு ஏறக்குறைய 3.5 ஆங்ஸ்ட்ராம். 1.5 எங்கே, 3.5 எங்கே! முடி இரு மடங்கு நீள்வதற்கும், பட்டு நீள மறுப்பதற்கும் காரணம் இந்த இரண்டு எண்கள்தான். முடியில் இழுத்து விரிப்பதற்குச் சுருள் இருக்கிறது. பட்டில் சங்கிலி ஏற்கெனவே விரிந்துதான் கிடக்கிறது. தலைமுடி வளரும் வேகத்தை 5.4 ஆங்ஸ்ட்ராமால் வகுத்தால் இன்னொன்றும் தெரியும்: உங்கள் ஒவ்வொரு முடியின் வேரிலும் வினாடிக்கு எட்டு ஒன்பது சுற்று ஆல்ஃபா சுருள் நீளும் வேகத்தில் வேலை நடக்கிறது.

மிச்சம் இருந்தது தசைநாண். அதிலும் தோலிலும் எலும்பிலும் இருக்கும் புரதம் கொலாஜன். நம் உடலில் மிகுதியாக உள்ள புரதமும் அதுதான். அதன் எக்ஸ் கதிர்க் கோலம் ஆல்ஃபாவாகவும் இல்லை, பீட்டாவாகவும் இல்லை. பாலிங்கும் கோரியும் 1951இல் அதற்கும் ஒரு மாதிரி தந்தார்கள். அது தவறு.

அடுத்த ஆண்டு, 1952இல், சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் சி. வி. ராமனைக் கேட்க, ராமன் தன் மாணவர் ஒருவரின் பெயரைச் சொன்னார். ஜி. என். ராமச்சந்திரன் அப்போது 30 வயதுக்காரர். எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு மின்பொறியியல் படிக்கப் போனவர். ராமன் அவரை அங்கிருந்து இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்தார்.

கிண்டியில் அவர் எக்ஸ் கதிர் ஆய்வகத்தை நிறுவிக்கொண்டிருந்தபோது, படிகவியலின் பெரிய ஆளுமையான ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சில், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீரவில்லை என்றார் பெர்னல். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். புதிய துறை, சிறிய குழு. எதிரே பாலிங்கும் லண்டன், கேம்பிரிட்ஜ் ஆய்வகங்களும். இன்னும் பாதுகாப்பான ஒரு கேள்வியை எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் கொலாஜனுக்குச் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. தோல் பதனிடும் தொழில் என்பது முழுக்க முழுக்கக் கொலாஜனைப் பக்குவப்படுத்தும் தொழில். வடக்கே மாதவரம், தெற்கே பல்லாவரம், மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஷாப்புகள் சென்னையைச் சுற்றியே வளர்ந்தவை. குரோம்பேட்டைக்கே பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ராமச்சந்திரனின் ஆய்வகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. நல்ல தூய கொலாஜன் வேண்டும் என்று அவர் கேட்டபோது, கங்காருவின் வால் தசைநாண் அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் கிடைத்தது.

ராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் படங்களை எடுத்தார்கள். படத்தோடு வேதியியலையும் சேர்த்து யோசித்தார்கள். கொலாஜனைப் பகுத்துப் பார்த்தவர்கள் ஒரு வினோதத்தைக் கண்டிருந்தார்கள்: அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. பக்கக் கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். இத்தனை கிளைசின் ஏன்? ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் வேறு எதற்கும் இடமில்லாத ஒரு நெருக்கடி இருந்தால்தான் இது பொருள்படும். மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஓடி, மூன்றும் சந்திக்கும் நடு அச்சை நோக்கி ஒவ்வொன்றும் மூன்றாவது அமினோ அமிலத்தை நீட்டினால், அந்த நடுவில் கிளைசினைத் தவிர எதுவும் நுழையாது. 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இந்த மூவிழை மாதிரி வெளிவந்தது. எக்ஸ் கதிர்க் கோலம் இன்னும் கொஞ்சம் முறுக்கைக் கேட்டது. 1955இல் அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் வடிவத்தைத் தந்தார்கள். ஒவ்வொரு இழையும் இடப்பக்கமாகத் திரும்பும் சுருள். மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிய கயிறு. தசைநாண் நீளாமல் இருப்பதன் காரணமும் இதில் தெரிந்தது. இழைகள் ஏற்கெனவே நீண்டவை, ஒரு அமினோ அமிலத்துக்கு 2.9 ஆங்ஸ்ட்ராம், எதிரெதிர்த் திசையில் முறுக்கியிருப்பதால் இழுக்க இழுக்க இன்னும் இறுகும்.

அதே 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் கொலாஜன் மாதிரியை வெளியிட்டார்கள். முறுக்கிய மூவிழை என்ற அடிப்படையை அவர்கள் ஏற்றார்கள். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை சொன்னது. நெருக்கடி இல்லாமல் ஒன்றுதான் அமையும் என்றது கேம்பிரிட்ஜ்.

இந்தக் குறுக்கீட்டைச் சென்னையின் மேல் நடந்த அநியாயம் என்று எழுதுபவர்கள் இங்கே உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்பது பின்னால் உறுதியாகிவிட்டது. அந்தக் கணக்கில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. முறுக்கிய மூவிழை என்ற வடிவத்தில் சென்னை முந்தியது, அதுவும் சரி. எனக்கு இவை இரண்டையும்விடப் பெரிதாகப்படுவது ராமச்சந்திரன் அடுத்துச் செய்தது. ‘அளவுக்கு மீறி நெருக்கம்’ என்ற குற்றச்சாட்டில் அளவு என்பது என்ன? கார்பனுக்குக் கார்பன் எவ்வளவு நெருங்கலாம், ஹைட்ரஜனுக்கு ஹைட்ரஜன் எவ்வளவு? அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்கள் அன்று இல்லை. அந்த எண்களைத் தேடுவது என்று அவர் முடிவு செய்தார்.

ராமச்சந்திரனும் வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் அதுவரை வெளியான அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடு படிகங்கள் எல்லாவற்றையும் அலசினார்கள். பிணைப்பு இல்லாத இரண்டு அணுக்கள் நிஜத்தில் எவ்வளவு தூரம்வரை நெருங்கி நிற்கின்றன என்று ஒவ்வொரு இணைக்கும் பட்டியல் தயாரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எல்லைகள்: சாதாரணமாகத் தாண்டாத எல்லை, நெருக்கடியில் தொடக்கூடிய கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2, கடைசியாக 3.0 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசியாக 1.9. இப்படி ஒவ்வொரு இணைக்கும் எண்கள் கிடைத்தன. இந்த அடிப்படைகளைச் சசிசேகரன் எழுதிய கட்டுரை, 1962இல் வந்த கொலாஜன் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது.

எண்கள் கையில் வந்ததும் கேள்வி கொலாஜனைவிடப் பெரிதாகிவிட்டது. எந்தப் புரதமானாலும், அதன் சங்கிலி எந்தெந்த விதத்தில் திரும்ப முடியும்?

சங்கிலியை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: கல்யாணப் பத்திரிகை அட்டைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொரு அட்டையின் மூலையும் அடுத்ததன் மூலையோடு ஒரு குண்டூசியால் கோக்கப்பட்டிருக்கிறது. அட்டை வளையாது, அது பாலிங் சொன்ன விறைப்பான பெப்டைடு தளம். குண்டூசி இருக்கும் இடம் ஆல்ஃபா கார்பன் என்ற நடு அணு. சங்கிலியில் அசைவு என்று ஒன்று இருந்தால் அது இந்த மூட்டில்தான். நடு அணுவுக்கு முன்னால் இருக்கும் அட்டை ஒரு கோணத்தில் திரும்பலாம். அதற்குப் பெயர் ஃபை. பின்னால் இருக்கும் அட்டை இன்னொரு கோணத்தில் திரும்பலாம், அது சை. ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட புரதமானாலும், ஒவ்வொரு மூட்டுக்கும் இந்த இரண்டு எண்களைச் சொல்லிவிட்டால் சங்கிலியின் முதுகெலும்பின் வடிவம் முழுவதையும் சொல்லிவிட்டதாகும்.

இரண்டே எண்கள் என்றால் ஒரு தாளில் வரைந்துவிடலாம். கிடையாக ஃபை, −180 டிகிரியிலிருந்து +180 வரை. நெடுக்காக சை, அதே அளவு. தாளின் ஒவ்வொரு புள்ளியும் மூட்டின் ஒரு நிலை. ஒரு புள்ளியை எடுத்து, அந்தக் கோணங்களில் அட்டைகளைத் திருப்பி, இரண்டு பக்கத்து அணுக்களுக்கும் இடையே உள்ள தூரங்களைக் கணக்கிட வேண்டும். ஏதாவது ஒரு தூரம் பட்டியலில் உள்ள கடைசி எல்லைக்குக் கீழே போனால் அந்தப் புள்ளி செல்லாது, அணுக்கள் இடிக்கின்றன. இடிக்கவில்லை என்றால் செல்லும். பத்து டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்தாலே 1,296 புள்ளிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பல இணைகளின் தூரம் வேண்டும். இன்று கைபேசி கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும் இந்த வேலையை அவர்கள் மேசைக் கணக்குப்பொறியில் எண் எண்ணாகப் போட்டார்கள். ஆய்வு மாணவராக இருந்த ராமகிருஷ்ணனின் உழைப்பு இதில் மிகப் பெரியது.

தாள் நிரம்பியபோது பெரும்பகுதி செல்லாத இடமாக இருந்தது. முக்கால் பங்குக்கு மேல் தடை. மிஞ்சியவை இரண்டு தீவுகளும், கடைசி எல்லைவரை விட்டுக்கொடுத்தால் மூன்றாவதாக ஒரு சிறு திட்டும். கீழே இடப்பக்கம், ஃபை −57, சை −47 அருகே இருக்கும் தீவில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் உட்கார்ந்திருந்தது. மேலே இடப்பக்கம் இருந்த பெரிய தீவில் பீட்டா தகடு இருந்தது. அதே மேல் தீவிலேயே கொலாஜன் இழையும் இருந்தது. எதிர்ப்பக்கத்துச் சிறு திட்டு, ஆல்ஃபா சுருளை இடப்பக்கமாக முறுக்கினால் கிடைக்கும் வடிவத்துக்கு உரியது. புரதங்களில் அது அபூர்வம். ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி’யில் 1963இல் வெளியான ஐந்து பக்கக் கட்டுரை இது. உலகம் இதை ராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கிறது. மூவர் பெயரும் கட்டுரையில் உண்டு என்பதைப் பாடநூல்கள் பல நேரம் சொல்வதில்லை, நாமாவது சொல்லவேண்டும்.

இந்த வரைபடத்தில் ஆற்றல் கணக்கு இல்லை, குவாண்டம் இயக்கவியல் இல்லை, ஹைட்ரஜன் பிணைப்புகூட இல்லை. இரண்டு அணுக்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற ஒரே ஒரு நிபந்தனைதான். ஆல்ஃபா சுருளையும் பீட்டா தகட்டையும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் உண்டாக்குகின்றன என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அது பாதிதான் உண்மை. முதலில் அணுக்களின் நெருக்கடி வழிகளில் பெரும்பாலானவற்றை அடைத்துவிடுகிறது. திறந்திருக்கும் ஒன்றிரண்டு வழிகளில் எவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒழுங்காகக் கோத்துக்கொள்கின்றனவோ, அவையே சுருளும் தகடும். தடை முதலில், பிணைப்பு பிறகு. பாலிங் சரியான வடிவங்களைக் கண்டுபிடித்தார். வேறு வடிவங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதைச் சொன்னது சென்னை.

அப்போது உலகில் முழுதாக அமைப்பு தெரிந்த புரதங்களை விரல்விட்டு எண்ணலாம். கெண்ட்ரூ 1958இல் மயோகுளோபினை மங்கலாகவும் 1960இல் தெளிவாகவும் பார்த்திருந்தார். 153 அமினோ அமிலங்கள், எட்டு ஆல்ஃபா சுருள்கள். அதன்பின் ஒவ்வொரு புரதமாக வெளிவர, அவற்றின் கோணங்களைச் சென்னைத் தாளில் குறித்துப் பார்த்தார்கள். புள்ளிகள் பெரும்பாலும் தீவுகளுக்குள்ளேயே விழுந்தன. வெளியே விழுந்தவை பெரும்பாலும் கிளைசின். பக்கக் கிளையில் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் என்பதால் இடிப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை. அதன் வரைபடம் மிகவும் விசாலமானது. இதற்கு நேர் எதிர் புரோலின். அதன் பக்கக் கிளை திரும்பி வந்து முதுகெலும்பின் நைட்ரஜனையே பிடித்துக்கொள்வதால் ஃபை கோணம் −65 அருகே பூட்டப்பட்டுவிடுகிறது. ஆல்ஃபா சுருளின் நடுவில் புரோலின் வந்தால் சுருள் உடைகிறது அல்லது வளைகிறது. கொலாஜனில் கிளைசினும் புரோலினும் நிறைந்திருப்பது ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்: ஒன்று நெருக்கடியில் நுழைய, இன்னொன்று இழையை ஒரே கோணத்தில் நிறுத்த.

கொலாஜன் நம் அடுக்களையில் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் ஆட்டுக்கால் சூப். நீண்ட நேரம் கொதிக்கும்போது மூவிழை பிரிந்து தனித்தனிச் சங்கிலிகளாகக் கரைகிறது, அதுதான் ஜெலட்டின். ஆறவைத்தால் சூப் உறைந்து கட்டியாவது, பிரிந்த சங்கிலிகள் ஆங்காங்கே மீண்டும் மூவிழையாகச் சேர முயல்வதால். பச்சைத் தோலைச் சுமார் 60, 65 டிகிரி வெந்நீரில் போட்டால் சுருங்கிப்போவதும் இதே பிரிவுதான். தோல் பதனிடுபவரின் வேலை இந்தப் பிரிவைத் தடுப்பது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின்கள் கொலாஜன் இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன. குரோமிய உப்பு இழைகளுக்கு இடையே இன்னும் வலுவான பாலம் போடுகிறது. குரோம் தோல் கொதிநீரிலும் சுருங்காது. பட்டறையில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது, மூவிழை நிற்கிறதா என்று கேட்பதற்குச் சமம்.

உடலுக்குள் மூவிழையை நிறுத்துவது ஹைட்ராக்ஸிபுரோலின். புரோலின் சங்கிலியில் கோக்கப்பட்ட பிறகு ஒரு நொதி அதில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அந்த நொதி தொடர்ந்து இயங்க வைட்டமின் சி வேண்டும். சேர்க்கப்படாத மனிதக் கொலாஜன் 24 டிகிரியிலேயே பிரிந்துவிடுகிறது. நம் உடல் 37 டிகிரி. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகளுக்கு ஈறு கரைந்து, பழைய காயங்கள் திறந்துகொண்டதற்குக் காரணம் இதுதான். மீன்களிலும் இதே கணக்கைக் காணலாம். குளிர்கடல் மீனின் கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் குறைவு. அது சீக்கிரம் உருகும். பழவேற்காட்டில் கரையேறும் மீன்கள்போல வெதுவெதுப்பான நீரில் வாழ்பவற்றில் பொதுவாக அது அதிகம்.

ஆயிரத்துக்கு மேல் நீளும் கொலாஜன் சங்கிலியில் ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் வேறொரு அமினோ அமிலம் வந்தாலும் சிலருக்கு எலும்புகள் தொட்டால் முறியும் நோய் வருகிறது. பிறக்கும்போதே முறிந்த எலும்புகளோடு வரும் குழந்தைகள் உண்டு. வேறொரு திசையில், ஆல்ஃபா சுருளாக இருக்கவேண்டிய பகுதிகள் பீட்டா தகடாக மாறி அடுக்கடுக்காகப் படிவது பிரியான் நோய்களில் நடக்கிறது. இரண்டாம் நிலை அமைப்பு பாடப்புத்தகத்துக்கு மட்டும் உரியது அல்ல என்பதற்கு இந்த நோயாளிகளின் குடும்பங்கள் படும் துன்பத்தைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ராமச்சந்திரன் 1970இல் சென்னையை விட்டு, பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கப் போனார். 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்கும் ஒரு கணித முறையை வெளியிட்டார். சிடி ஸ்கேன் கணக்குகளில் அந்த முறைக்கு முக்கிய இடம் உண்டு. 1977இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1999இல் படிகவியலின் உயரிய எவால்ட் பரிசு வந்தது. நோபல் வரவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

வரைபடம் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தவர் அதை உலகப் புரதத் தரவு வங்கியில் சேர்க்கும்போது, எத்தனை மூட்டுகள் ராமச்சந்திரன் வரைபடத்தின் தடைப்பகுதியில் விழுகின்றன என்ற கணக்கும் அறிக்கையில் சேரும். அந்த எண்ணிக்கை கூடினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். அந்த வங்கியில் இப்போது 2 லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. 2022இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் வடிவத்தை ஊகித்து வெளியிட்டது. அதை உருவாக்கிய ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் 2024 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. அப்படி ஊகித்த வடிவங்களையும் 1963இன் அந்தத் தாளில் வைத்துப் பார்க்கலாம்; பார்க்கிறார்கள்.

பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரதத் தரவு வங்கி இலவசம், கைபேசியிலேயே திறக்கும். அதில் 1 என்ற எண்ணையும் தொடர்ந்து சி, ஏ, ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் தட்டுங்கள். வருவது 1994இல் ஜோர்டி பெல்லாவும் ஹெலன் பெர்மனும் பார்பரா பிராட்ஸ்கியும் குழுவினரும் வெளியிட்ட, கொலாஜனைப் போன்ற செயற்கைப் பெப்டைடு. முறுக்கிய மூவிழையை அணு அணுவாக முதன்முதலில் காட்டிய படிகம் அது. மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதையும், சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் பாலம் போட்டிருப்பதையும் அதில் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பிறகு இழையின் நடுப்பகுதிக்குப் போங்கள். அங்கே மட்டும் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் அலனைனை வைத்திருக்கிறார்கள். கூடுதலாக வந்தது ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்திருக்கிறது. இழைகளுக்கு இடையே நேரடிப் பிணைப்பு போய், நீர் மூலக்கூறுகள் நுழைந்திருக்கின்றன.